"வீட்டில் சார் யாராவது இருக்காங்களா?" என்று கேட்கும் சப்போர்ட்டிடம் பேசுவது எப்படி?

வாசகி கேள்வி: நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். வேலைக்கு லேப்டாப் வாங்கக் கணவரோடு கடைக்குப் போனேன். கேள்விகளை எல்லாம் கேட்டது நான். விற்பனையாளர் பதில் சொன்னதெல்லாம் அவரிடம். என்னைப் பார்த்துச் சொன்ன ஒரே வாக்கியம், "இது வெயிட் கம்மி மேடம், ரோஸ் கோல்டு கலரும் இருக்கு." வாங்கிய சில வாரங்களில், இரண்டு மானிட்டரை இணைத்து வேலை செய்யும்போது லேப்டாப் திடீரென அணைய ஆரம்பித்தது. சப்போர்ட்டை மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். கடைசியில், "வீட்டில் சார் யாராவது இருக்காங்களா?" என்றார்கள். நான் எழுதிக் கொடுத்ததைக் கணவர் அப்படியே படித்தார். உடனே இன்ஜினியரை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். இனி அவரையே பேச விட்டுவிடலாமா? என் தங்கை ஒரு டெக் சப்போர்ட் மையத்தில் வேலை செய்கிறாள். "ஆம்பளை யார்கிட்டயாவது லைனைக் கொடும்மா" என்று அவளிடமும் கேட்கிறார்களாம். அவளுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்:

அவரைப் பேச விடாதீர்கள். கோளாறு சரியாகப் பிடிபட வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். லேப்டாப் அணைந்தபோது அதன் எதிரே இருந்தவர் நீங்கள். சார்ஜர் எந்தப் போர்ட்டில் இருந்தது, அதற்கு முன் ஃபேன் இரைந்ததா, திரை நீலமாக மாறியதா அல்லது பட்டென்று கறுத்ததா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். தாளில் இல்லாத கேள்வி வந்தால் உங்கள் கணவர் ஊகித்துத்தான் சொல்வார். அந்த ஊகம் டிக்கெட்டில், அதாவது சப்போர்ட் வைத்திருக்கும் உங்கள் புகார்ப் பதிவில், உண்மையாகப் பதிவாகிவிடும். பிறகு இன்ஜினியர் தேவையில்லாத பாகத்தோடு வந்து நிற்பார்.

முதலில் உங்கள் லேப்டாப்பைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது இன்னும் சரியாகவில்லை. இரண்டு மானிட்டர் இணைத்தால் மட்டும் அணைகிறது என்பது நல்ல துப்பு. அணையும்போது பேட்டரி எத்தனை சதவீதம் இருந்தது என்று பாருங்கள். சார்ஜர் மாட்டியிருந்தும் சதவீதம் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் தீர்ந்து அணைந்தால், வந்து சேரும் வாட் போதவில்லை. 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜர் போட்டிருக்கலாம். டாக் (மானிட்டர், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வழியாகச் சார்ஜ் ஆகிறதென்றால், டாக் தன் தேவைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைத்தான் லேப்டாப்புக்குத் தரும். டைப்-சி கேபிளையும் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் 3 ஆம்பியர் கேபிள் 60 வாட்டுக்கு மேல் கடத்தாது; அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

பேட்டரியில் 60 சதவீதம் இருக்கும்போதே பட்டென்று அணைந்தால் கதை வேறு. சார்ஜர் பலவீனமாக இருந்தாலும் பேட்டரி அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கும். எனவே சந்தேகம் சூடு, பேட்டரி பேக், மதர்போர்டின் மின்பகுதி ஆகிய மூன்றின் மேல் போகிறது. மானிட்டரில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் லேப்டாப்பின் மூடியை மூடி வைப்பார்கள். கீபோர்டு வழியாகச் சூட்டை வெளியேற்றும் மாடல்களுக்கு அது ஆகாது. மூடியைத் திறந்து வைத்து ஒரு முறை, மானிட்டர் இல்லாமல் ஒரு முறை, டாக் இல்லாமல் சார்ஜரை நேராக மாட்டி ஒரு முறை, பேட்டரியில் மட்டும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

விண்டோஸ் என்றால், கணினியில் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்து, அணைந்த நேரத்தில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பதை மட்டும்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆனால் அதன் விவரப் பகுதியில் பக்செக்கோடு 0 என்று இருந்தால், நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். மின்சாரம் அறுந்ததா, சூடா என்று பார்க்க வேண்டும். வேறு எண் இருந்தால் டிரைவர், ரேம் பக்கம் போக வேண்டும். இந்த ஒரு எண்ணைத் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள். அடுத்து வரும் கேள்வி லேப்டாப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இப்போது ரீஸ்டார்ட் விவகாரம். சப்போர்ட் ஊழியர் ஒரு முறை அதைக் கேட்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னலின் (விண்டோஸின் மையப் பகுதியின்) நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப ஏற்றப்படும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். தினமும் அணைத்துப் போடுகிறவருடைய கணினியில்கூட டாஸ்க் மேனேஜர் பல நாள் அப்டைம் (கடைசியாகப் புதிதாகத் தொடங்கியதிலிருந்து ஓடிய நேரம்) காட்டும். ஆகவே நீங்களே முந்திக்கொண்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தைத் திறந்து, "அப்டைம் 4 நிமிடம் காட்டுகிறது, இப்போதுதான் ரீஸ்டார்ட் செய்தேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு முறை கேட்டால் அது சோதனை. டிக்கெட்டில் பதிவான பிறகும் அடுத்த அழைப்பில் மறுபடி அதையே செய்யச் சொன்னால், அவர் டிக்கெட்டைப் படிக்கவில்லை அல்லது உங்களை நம்பவில்லை. இரண்டுமே கண்டிக்க வேண்டியவை.

அந்தப் பக்கம் நடப்பது இதுதான். முதல் நிலை ஊழியர் முன்னால் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். பேசுபவருக்கு எவ்வளவு தெரியும் என்று முதல் சில நொடிகளில் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற கிளையில் இறங்குவார். கையில் வேறு தகவல் இல்லாதபோது அந்த முடிவைக் குரலை வைத்து எடுக்கிறார். பெண் குரல் என்றால் ஆரம்பப் பாடம். ஆண் குரல் என்றால் அடிப்படைச் சோதனைகளைத் தாண்டிவிடுவார். இதில் ஆண்களுக்கும் நட்டம் உண்டு. கேபிள் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட்டு, நல்ல மதர்போர்டை மாற்ற ஆள் அனுப்புவதும் இதே ஊகத்தின் விளைவுதான். உங்கள் கணவர் பேசியதும் உடனே ஆள் அனுப்பியதை வெற்றியாக நினைக்க வேண்டாம். நான் மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றையாவது அவரைச் செய்யச் சொன்னார்களா?

அதனால் குரலை வைத்து முடிவெடுக்கும் முன்பே தகவல் அவர் கைக்குப் போக வேண்டும். உங்கள் முதல் பேச்சு இப்படி இருக்கட்டும்: "மாடல் இது, சீரியல் நம்பர் இது, பழைய டிக்கெட் நம்பர் இது. டாக் வழியாக இரண்டு மானிட்டர் இணைத்தால் 20 நிமிடத்தில் அணைகிறது. அப்போது பேட்டரி 60 சதவீதம். நீலத்திரை வரவில்லை. கெர்னல்-பவர் 41, பக்செக்கோடு 0. டாக் இல்லாமல், சார்ஜரை நேராக மாட்டியும் பார்த்தேன், அப்போதும் அணைகிறது. ரீஸ்டார்ட், டிரைவர் அப்டேட் இரண்டும் முடிந்தன. இதை டிக்கெட்டில் எழுதிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டுங்கள்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வாசித்துக் காட்டச் சொன்னால்தான் எழுதுவார்கள். எழுதினால்தான் அடுத்த ஆள் முதலிலிருந்து தொடங்க மாட்டார். உங்கள் எண்களை இட்டு நிரப்பித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். சாட் அல்லது மின்னஞ்சல் வசதி இருந்தால் அது இன்னும் நல்லது, பதிவு உங்களிடமும் இருக்கும்.

"சார் இருக்காங்களா?" என்று கேட்டால், "லேப்டாப் என்னுடையது, சோதித்ததும் நான். அடுத்த சோதனை என்ன?" என்று சொல்லி நிறுத்துங்கள். விளக்கம் வேண்டாம். மறுபடி கேட்டால் லெவல் 2-க்கு, அதாவது அடுத்த நிலை நிபுணர்களுக்கு, மாற்றச் சொல்லுங்கள். புகார் எழுதும்போது, "மரியாதை இல்லாமல் பேசினார்" என்று பொதுவாக எழுதினால் மன்னிப்புக் கடிதம் ஒன்று வரும், அவ்வளவுதான். டிக்கெட் நம்பர், அழைத்த நேரம், அவர் சொன்ன வாக்கியம் அப்படியே, அதனால் செய்யாமல் விட்ட சோதனை, வீணான நாட்கள் என்று எழுதுங்கள். தரக் கண்காணிப்புக் குழு அந்த நேரத்துக்குரிய ஒலிப்பதிவை எடுத்துக் கேட்க இந்த விவரங்கள் தேவை.

சில பெண்கள் ஆண் பெயரில் டிக்கெட் போடுகிறார்கள். அதற்கான காரணம் புரிகிறது. ஆனால் பில்லிலும் வாரண்டியிலும் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்றால் பொருளைத் திரும்பப் பெறும்போது சிக்கல் வரும். இனிஷியல் மட்டும் போடுவதில் இந்தத் தொல்லை இல்லை.

கடைக்கு வருவோம். எடையும் நிறமும் கேட்கக் கூடாத விஷயங்கள் அல்ல. தினமும் தூக்கிச் செல்பவருக்கு எடை முக்கியம்தான். இங்கே நடந்த தவறு வேறு: உங்கள் வேலைக்கு இரண்டு வெளி மானிட்டர் வேண்டும் என்பதை அவர் கேட்கவே இல்லை. ஆப்பிளின் எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் தாங்கும். எம்3 மாடலில் மூடியை மூடினால் இரண்டு. எம்4-இல் மூடி திறந்திருந்தாலும் இரண்டு. வாங்குபவருடைய வேலையைக் கேட்காமல் நிறத்தைக் காட்டும் விற்பனையாளர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே பில் போட்டுவிடுவார். இந்தத் துறையில் பெரிய நிறுவனங்களே இப்படிச் சறுக்கியிருக்கின்றன. 2009-இல் டெல் நிறுவனம் பெண்களுக்கென்று "டெல்லா" என்ற தளத்தைத் தொடங்கி, கலோரி கணக்கு, சமையல் குறிப்பு என்று லேப்டாப்பின் பயன்களை அடுக்கியது. கண்டனம் கிளம்பவே சில வாரங்களில் அதைக் கைவிட்டது.

கடையில் எண்ணில்தான் பதில் சொல்ல முடியும் என்கிற கேள்விகளைக் கேளுங்கள். ரேம் மதர்போர்டில் சால்டர் செய்ததா, ஸ்லாட்டில் இருக்கிறதா? 16 ஜிபி என்பது ஒரே ஸ்டிக்கா, இரண்டு எட்டா? இரண்டு என்றால் டூயல் சேனலில் வேகமாக ஓடும். ஒன்று என்றால் பின்னால் கூட்ட இடம் இருக்கலாம். சால்டர் செய்தது என்றால் ஆயுள் முழுக்க அவ்வளவுதான். திரையின் வெளிச்சம் எத்தனை நிட்ஸ்? நிறங்களைக் காட்டும் அளவில் 45 சதவீத என்டிஎஸ்சி பேனலா, 100 சதவீத எஸ்ஆர்ஜிபியா? எந்த டைப்-சி போர்ட்டில் மானிட்டர் ஓடும், எதில் சார்ஜ் ஆகும்? இரண்டு போர்ட்டும் பார்க்க ஒன்றாக இருந்து, ஒன்றில் மட்டும் படம் வருகிற மாடல்கள் உண்டு. பேட்டரியின் கொள்ளளவு எத்தனை வாட்-அவர்? "8 மணி நேரம் வரும் மேடம்" என்பது பதில் ஆகாது. முழு மாடல் எண்ணை அட்டைப்பெட்டியிலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சீரிஸ் பெயரில் திரையும் ரேமும் வேறு வேறாகப் பல பெட்டிகள் இருக்கும். தெரியாத கேள்விக்கு ஸ்பெக் ஷீட்டைத் திறந்து பார்க்கிறவர் நல்ல விற்பனையாளர். அதே கேள்விக்கான பதிலை உங்கள் கணவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவரிடம், வேறு ஆளை அனுப்பச் சொல்லத் தயங்க வேண்டாம்.

எண்ணைச் சொல்லிப் பேசுவதற்குப் பலன் உண்டு என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. அது கார் துறையிலிருந்து வருவது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கார் ரேடியேட்டர் மாற்ற எவ்வளவு ஆகும் என்று ஆண்களையும் பெண்களையும் பல பட்டறைகளுக்குத் தொலைபேசியில் கேட்க வைத்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. விலை பற்றி ஒன்றும் தெரியாதவராகக் கேட்டபோது பெண்களுக்குக் கூடுதல் தொகை சொன்னார்கள். சந்தை விலை இவ்வளவு என்று குறிப்பிட்டுக் கேட்டபோது ஆண், பெண் வேறுபாடு மறைந்தது. கடைக்குப் போகும் முன் அதே மாடலின் விலையை வேறு இரண்டு இடத்தில் பார்த்து, பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். கூடவே கட்டிவிடப் பார்க்கும் ஆன்டிவைரஸ், கூடுதல் வாரண்டி இரண்டின் தொகையும் பில்லில் தனி வரியாக வரச் சொல்லுங்கள். இவ்வளவு தயாரிப்பும் உங்கள் மேல் விழுவது நியாயமில்லை. தெரியாமல் வருகிறவருக்கும் சரியான பதில் தர வேண்டியது கடையின் கடமை. ஆனாலும் கடை திருந்தும்வரை உங்கள் பணத்தைக் காக்க வழி இது.

உங்கள் கணவருக்கும் ஒரு வேலை உண்டு. சும்மா நின்று தலையாட்டினால் பேச்சு அவர் பக்கமே வரும். "வாங்குவது அவங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று தொடக்கத்திலேயே ஒரு முறை சொல்லிவிட்டு, விற்பனையாளரைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கட்டும். டெமோ மெஷினை அவர் கையில் வாங்க வேண்டாம். பில்லும் வாரண்டிப் பதிவும் உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் இருக்கட்டும். அவர் பெயரில் பதிவானால் சப்போர்ட் ஒவ்வொரு முறையும் அவரைத்தான் தேடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இன்ஜினியர் வரப்போகிறார், அல்லது லேப்டாப் சர்வீஸ் சென்டருக்குப் போகப்போகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரகசியமாகப் பதிவு செய்யும் ஏற்பாட்டோடு லேப்டாப்களைப் பழுதுபார்க்கும் கடைகளில் விட்டுப் பார்த்தார்கள். சில கடைகளில் தனிப்பட்ட கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள்; படங்களை நகல் எடுத்ததும் நடந்தது. பெண்களுடையதாகக் காட்டிய கருவிகளில்தான் இது அதிகம். பேட்டரி மாற்றுவதற்குப் பாஸ்வேர்டு தேவையே இல்லை. ஆனால் அதற்கும் பெரும்பாலான கடைகள் கேட்டன. ஆகவே பாஸ்வேர்டு கேட்டால் எந்தச் சோதனைக்கு என்று கேளுங்கள். தேவை என்றால் கோப்புகள் இல்லாத, அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதைக் கொடுங்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் (கோப்புகளைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டு, ரெக்கவரி கீயை வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். மதர்போர்டு மாற்றினால் அது இல்லாமல் டிஸ்க் திறக்காது. கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கழற்ற முடிகிற மாடலானால், மின்பகுதிக் கோளாறுக்கு அதைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுக்க முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். உங்கள் லேப்டாப்பில் வாடிக்கையாளர்களின் கணக்குகளும் இருக்கும் அல்லவா? போன் என்றால், சாம்சங் கேலக்ஸியில் மெயின்டனன்ஸ் மோடும் பிக்சலில் ரிப்பேர் மோடும் உண்டு. அவற்றைப் போட்டுவிட்டுக் கொடுத்தால் படங்களும் மெசேஜ்களும் கண்ணில் படாது.

இனி உங்கள் தங்கைக்கு.

தொலைபேசியில் பெண் குரல் என்றால் லைன் மாற்றிக் கொடுப்பவர் என்ற பழக்கம் மிகப் பழையது. 1878-இல் பாஸ்டனில் எம்மா நட் முதல் பெண் ஆபரேட்டராகச் சேர்ந்த பிறகு அந்த வேலையே பெண்களுடையதாகிப் போனது. வாய்ஸ் அசிஸ்டன்ட்களுக்கும் பெண் குரலையே இயல்பாக வைத்தது இந்த எண்ணத்தை வளர்க்கிறது என்று யுனெஸ்கோ 2019-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆக, அழைப்பவர் உங்கள் தங்கையை நிபுணராக அல்ல, வாசலில் இருப்பவராக நினைக்கிறார். அவள் பதவியைச் சொல்லி வாதாடுவதைவிட, வேலையைத் தொடங்கிவிடுவது பலன் தரும்: "இந்தக் கேஸை நான்தான் பார்க்கிறேன் சார். உங்கள் சீரியல் நம்பரில் ஃபர்ம்வேர் பழையதாக இருக்கிறது. 2 நிமிடத்தில் ஒரு சோதனை செய்வோம். அதில் தீராவிட்டால் லெவல் 2-க்கு நானே அனுப்புகிறேன்." பதிலில் கருவியைப் பற்றிய ஒரு தகவலாவது இருக்க வேண்டும். உறுதியாகத் தெரிந்ததை "இருக்கலாம்னு நினைக்கிறேன்" என்று சொல்ல வேண்டாம்; அழைப்பவர் அதைத் தெரியாமை என்று எடுத்துக்கொள்வார்.

அதற்கும் மசியாவிட்டால், "ஆண், பெண் பார்த்து லைன் மாற்றும் வழக்கம் இங்கே இல்லை" என்று சொல்ல அவளுக்கு அனுமதி வேண்டும். இதை டீம் லீடிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த அழைப்புக்காக அவளையே குறை சொல்வார்கள். சராசரி அழைப்பு நேரம், லைன் மாற்றிய எண்ணிக்கை, வாடிக்கையாளர் மதிப்பெண் மூன்றுமே இத்தகைய அழைப்புகளால் அடிவாங்கும். டிக்கெட்டில் "ஆண் ஊழியரைக் கேட்டார்; தொழில்நுட்பக் காரணம் இல்லை" என்று அவள் ஒவ்வொரு முறையும் குறித்து வைத்தால், மதிப்பீட்டின்போது அந்த அழைப்புகளை விலக்கக் கேட்க ஆதாரம் இருக்கும்.

ஆண் சக ஊழியர்கள் உதவுவதாக நினைத்து லைனை வாங்கி அதே பதிலைத் திருப்பிச் சொல்வதுதான் பெரிய கெடுதல். அழைப்பவர் தான் நினைத்தது சரி என்று போவார். "இந்தக் கேஸில் அவங்கதான் டெக்னீஷியன், சோதனை பாதியில் இருக்கு, அவங்களுக்கே திரும்பத் தருகிறேன்" என்று சொல்லித் திருப்பிவிடட்டும். 2017-இல் அமெரிக்காவில் ஓர் ஆணும் பெண்ணும் வேலையிடத்தில் மின்னஞ்சல் கையெழுத்தை இரண்டு வாரம் மாற்றிப் போட்டுப் பார்த்தது செய்தியானது. பெண் பெயரில் எழுதிய ஆணுக்கு ஒவ்வொரு ஆலோசனைக்கும் எதிர்க்கேள்வி வந்தது. ஆண் பெயரில் எழுதிய பெண்ணுக்கு வேலை சுலபமாக ஓடியது. ஒரே ஒரு நிகழ்வு என்பதால் அதை ஆய்வு என்று சொல்ல முடியாது. ஆனால் தங்கையின் மையத்தில் முறையாகவே சோதிக்கலாம். ஒரே வகைக் கோளாறுக்கான டிக்கெட்டுகளை எடுத்து, ஊழியர் பெயரையும் வாடிக்கையாளர் பெயரையும் மறைத்து, ரீஸ்டார்ட் எத்தனை முறை சொல்லப்பட்டது, லெவல் 2-க்குப் போக எத்தனை அழைப்பு ஆனது, "பயனர் தவறு" என்று எத்தனை மூடப்பட்டன என்று ஒருவர் எண்ணட்டும். எண்ணி முடித்த பிறகு பெயரைத் திறந்து, ஆண் வாடிக்கையாளர், பெண் வாடிக்கையாளர் என்று பிரித்துப் பார்க்கட்டும். "பயனர் தவறு" என்று மூடப்பட்ட பெண்களின் டிக்கெட்டுகளில் எத்தனை 30 நாளுக்குள் அதே கோளாறுக்காக மறுபடி திறக்கப்பட்டன என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.